'தெரிவித்தனர்' எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 23ம் தேதியிட்ட உங்கள் நாளிதழில், எங்கள் ஊரான தூத்துக்குடியின் செய்திகள் வரும் பக்கத்தில், 'ஸ்டெர்லைட் கலவரத்தில் பலியானவர்களுக்கு அஞ்சலி' என்ற தலைப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. யார் யார் மாலை போட்டார்கள், எங்கே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், எத்தனை போலீசார் பாதுகாப்புக்கு நின்றார்கள் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. கடைசிப் பத்தியில் பழைய சம்பவத்தை, அதாவது ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரி 2018ல் மக்கள் நடத்திய போராட்டத்தில் போலீசார் சுட்டதை, நினைவுபடுத்த மூன்று வாக்கியங்கள் போட்டிருந்தீர்கள். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"2018 மே 22 அன்று நடந்த போராட்டத்தின்போது கலவரம் வெடித்தது. இதைத் தொடர்ந்து துப்பாக்கிச்சூடு நடந்தது. இதில் 13 பேர் பலியாகினர்."

இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு வெள்ளைத்தாளில் தனியாக எழுதிவைத்துப் பார்த்தேன். கலவரம் தானாக வெடித்திருக்கிறது. துப்பாக்கிச்சூடு தானாக நடந்திருக்கிறது. 13 பேர் பலியாகியிருக்கிறார்கள். யார் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு வாக்கியத்திலும் ஆள் இல்லை. இதை எங்கள் ஊரிலேயே இருக்கிற நிருபர் எழுதியிருக்கிறார், உங்கள் மேசையில் ஒருவர் திருத்தியிருக்கிறார், இரண்டு பேர் கண்ணிலும் இது படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் நீதிமன்றத்தில் 31 வருடம் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாட்சிகள் சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பதுதான் என் வேலை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு வரப்புத் தகராறு வழக்கு வந்தது. கூண்டில் நின்ற பெண், "எங்க வீட்டுக்காரர இவன்தான் மம்பட்டியால அடிச்சான்" என்று எதிரியைக் கை காட்டிச் சொன்னார். எனக்கு அப்போது நல்ல தமிழில் அடிக்க வேண்டும் என்று ஆசை. "என் கணவர் மண்வெட்டியால் தாக்கப்பட்டார்" என்று அடித்துவிட்டேன். நீதிபதி வாங்கிப் படித்தார். "அம்மா, அந்தப் பெண் ஒரு ஆளைக் காட்டினார். நீங்கள் அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டீர்களே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அதற்கு அப்புறம் 'பட்டார்', 'பட்டனர்' என்று எந்த வாக்கியம் முடிந்தாலும் என் விரல் ஒரு நொடி நின்றுதான் போகும்.

உங்கள் செய்தியைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், பரணில் இருந்த என் பழைய பைலை இறக்கியது. 2018ல் வந்த செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த வருடம் மே 23ம் தேதி உங்கள் நாளிதழிலேயே முதல் பக்கத்தில் வந்த செய்தி அதில் இருக்கிறது. போராட்டக்காரர்கள் கல் வீசியதால் கலவரம் ஏற்பட்டது, அதைக் கட்டுப்படுத்தவே துப்பாக்கிச்சூடு நடத்தியதாக "போலீசார் தெரிவித்தனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான வாக்கியம். அன்றைக்கு ராத்திரி நிருபருக்குக் கிடைத்தது போலீஸ் சொன்ன தகவல்தான் என்றால், அதைப் போலீஸ் சொன்னதாகப் போடுவதுதான் சரி. அடுத்தடுத்த வருடங்களின் நினைவுநாள் செய்திகளையும் எடுத்துப் பார்த்தேன். 2019ல் 'தெரிவித்தனர்' இருக்கிறது. அதற்கு அடுத்ததில் 'கூறப்படுகிறது' என்று சுருங்கிவிட்டது. இப்போது அதுவும் இல்லை. கலவரம் வெடித்தது, அவ்வளவுதான். ஒரு தரப்பு சொன்ன விளக்கம், யாரும் வேண்டுமென்று செய்யாமலே, வருடா வருடம் பழைய செய்தியைப் பார்த்து எழுதியதில் நடந்த உண்மையாகவே மாறிவிட்டது.

இத்தனைக்கும் இடையில் ஒரு விசாரணையே நடந்து முடிந்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் அரசு அமைத்த ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, 2022 மே 18 அன்று இறுதி அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. அதே வருடம் அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்குத் தேவையான தூண்டுதல் கூட்டத்தின் தரப்பில் இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைவாக நின்றபடி, ஓடிக்கொண்டிருந்தவர்களைக் காவலர்கள் சுட்டதாகச் சொல்கிறது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதாகச் சொல்கிறது. 17 போலீசார் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சம்பவத்தை மூன்று வாக்கியத்தில் சொல்ல வருகிற ஒருவர், முதல் நாள் போலீஸ் சொன்னதை எடுத்துக்கொண்டு, நான்கு வருட விசாரணைக்குப் பிறகு ஆணையம் சொன்னதை எப்படி விட்டார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆணையம் சொன்னதையும் 'நிரூபணமானது' என்று எழுதச் சொல்லவில்லை. விசாரணை ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பு ஆகாது. 1952ம் வருடச் சட்டப்படி அமைக்கிற ஆணையம் விவரங்களைக் கண்டு அரசிடம் சொல்லும், பரிந்துரைக்கும். யாரையும் தண்டிக்கிற அதிகாரம் அதற்கு இல்லை. குறை சொல்லப்பட்ட அதிகாரிகள் நீதிமன்றத்தில் தங்கள் தரப்பைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. அதனால் 'ஆணையம் கண்டது', 'ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது' என்றுதான் எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் படித்துக் கண் கலங்கியவள் நான். ஆனாலும் எனக்குப் பிடித்த மூலம் என்பதற்காக அதற்கு மட்டும் 'கூறுகிறது' வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எரிந்த வண்டிகளையும் விடக்கூடாது. அன்றைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. ஸ்டெர்லைட் ஊழியர் குடியிருப்பிலும் வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கல் வீச்சு நடந்தது, போலீசாருக்கும் காயம். போராட்டத்தை ஆதரிக்கிற எங்கள் தெருக்காரர்கள் பலர், இதையெல்லாம் எழுதினாலே போலீசுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுத வேண்டும், ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு, யார் வைத்தது என்று யார் சொல்கிறார்கள் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். ஏனென்றால் அன்றைக்குச் சுட்டது ஒரே இடத்தில் இல்லை. கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் சுட்டார்கள், மூன்றாவது மைல் பக்கம் சுட்டார்கள், திரேஸ்புரத்தில் சுட்டார்கள், மறுநாள் அண்ணாநகரில் சுட்டார்கள். கோரம்பள்ளத்தில் வண்டி எரிந்தது, பல கிலோமீட்டர் தள்ளி கடற்கரையோரத் திரேஸ்புரத்தில் ஒரு பெண் குண்டடிபட்டு இறந்ததற்கு எப்படிக் காரணம் ஆகும்? 'கலவரம்' என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கு இடத்தையும் இரண்டு நாளையும் போட்டு அடைத்தால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடுகிறது. உங்கள் செய்தியோடு போட்டிருந்த படமும் எரிகிற வண்டிதான். இறந்தவர்களுக்கு அஞ்சலி என்ற செய்திக்கு எரிகிற வண்டியின் படம். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அதைப் பார்ப்பார்களே என்று நினைத்தீர்களா?

நான் என்ன பார்த்தேன் என்று கேட்பீர்கள். சாட்சி சொல்வது போலவே சொல்கிறேன். 22ம் தேதி நான் ஊர்வலத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி, வெயில் வேறு. போராட்டத்தின் நூறாவது நாள் என்பதால், பனிமய மாதா கோயில் பக்கமிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள். இது நான் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் சத்தம் விடாமல் கேட்டது. டிவியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 23ம் தேதி அண்ணாநகரில், எங்கள் தெருவுக்குப் பின்பக்கம், வெடிச்சத்தம் கேட்டேன். துப்பாக்கிச் சத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது, கண்ணீர்ப்புகைக் குண்டா என்றுகூட நினைத்தேன். எத்தனை சத்தம் என்று எண்ணவில்லை. யார் சுட்டது என்று பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது காக்கிச்சட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் லத்தியோடு ஓடினார்கள், அதில் ஒருவர் எதிர்வீட்டுக் கதவை உதைத்தார். இது பார்த்தது. அன்றைக்கு ஒரு இளைஞர் சுடப்பட்டு இறந்தார் என்பது பிறகு கேள்விப்பட்டது. இவ்வளவுதான் என் சாட்சியம்.

ஆனால் அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவு இல்லை. அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. 23ம் தேதியிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். போன் பேசலாம், வேறெதுவும் வராது. மறுநாள் காலையில் பால்காரர், "முப்பது பேருக்கு மேலயாம்மா, பாடியெல்லாம் மறைச்சிட்டாங்களாம்" என்றார். மதுரையில் இருக்கிற என் தங்கை பதறிப்போய் போன் செய்தாள். அவளிடம், "முப்பது பேருக்கு மேல செத்துட்டாங்கடி, வெளியில சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றேன். 'பால்காரர் சொன்னார்' என்று சொல்லவில்லை. அவள் தன் ஆபீசில் சொல்லியிருக்கிறாள், தூத்துக்குடியிலேயே இருக்கிற அக்கா சொன்னது என்று. இரண்டு நாள் கழித்து எங்கள் தெருக்கோடி மளிகைக் கடையில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மதுரையிலிருந்து உறுதியான தகவல் வந்திருக்கு, முப்பத்தஞ்சு பேர்." நான் அனுப்பியதே ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்திருந்தது. கடையிலேயே கால் நடுங்கிவிட்டது எனக்கு. 31 வருடம் 'நேரில் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா' என்ற கேள்வியை அடித்து அடித்துத் தேய்ந்த விரல்கள் இவை. பயமும் கோபமும் சேர்ந்த நேரத்தில் அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்கவில்லை.

கடைசியில் சுடப்பட்டு இறந்தவர்கள் 13 பேர் என்று நின்றது. அதில் ஒரு பெண்ணுக்கு வயது 17. பதின்மூன்று என்ற எண் முப்பதைவிடச் சிறியது என்பதால் துக்கம் குறைந்துவிடவில்லை. ஆனால் நான் சொன்ன பொய்யான முப்பது, உண்மையான 13க்குக் கெடுதல் செய்தது. 'இவங்க முப்பதும்பாங்க, நூறும்பாங்க' என்று சொல்லி, நடந்தது அத்தனையையும் வதந்தி என்று ஒதுக்க விரும்பியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

எண்ணிக்கை என்று வரும்போது இன்னொன்று. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசையில் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர் என்று அங்கே ஒவ்வொரு வருடமும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அரசுக் கணக்கு 42 என்றது. இத்தனை வருடம் கழித்தும் சில பத்திரிகைகளில் 42 என்றும் சிலவற்றில் 44 என்றும், எங்கிருந்து எடுத்தார்கள் என்ற ஒரு வார்த்தை இல்லாமல் வருகிறது. இரண்டையும் போட்டு, இது அரசு சொன்னது, இது ஊர் மக்கள் சொல்வது என்று எழுதினால் வாசகருக்குப் புரியாதா? அந்த வித்தியாசம் இரண்டு மனித உயிர்.

வார்த்தைகளுக்கு வருகிறேன். 'பலி' என்ற சொல்லை உங்கள் நாளிதழ் விபத்துக்கும் போடுகிறது, மின்னலுக்கும் போடுகிறது, துப்பாக்கிக் குண்டுக்கும் போடுகிறது. லாரி மோதியவரும் இடி விழுந்தவரும் போலீஸ் சுட்டவரும் ஒரே மாதிரி 'பலி' ஆகிறார்கள். பலி என்றால் படையல். யார் யாருக்குப் படைத்தது? 'உயிரிழந்தனர்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை, பையிலிருந்த காசைத் தொலைத்த மாதிரி. அதே சமயம் 'படுகொலை' என்றே செய்தியில் போடுங்கள் என்றும் கேட்க மாட்டேன். வீட்டில் பேசும்போது படுகொலை என்றுதான் சொல்கிறேன். ஆனால் அது என் தீர்ப்பு. கட்டுரைப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு எழுதுகிறவர்கள் அந்த வார்த்தையைத் தாராளமாக எழுதட்டும். செய்தியில் 'போலீசார் சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டனர்' என்று போதும். இதில் யாருடைய கருத்தும் இல்லை. சுட்டது போலீஸ் என்பதைப் போலீசே மறுத்ததில்லை. சுட்டது சரியா தவறா என்பதில்தான் தகராறு. தகராறே இல்லாத விஷயத்தைக்கூட ஏன் மறைக்க வேண்டும்?

'சமூக விரோதிகள் ஊடுருவல்' என்பதும் அப்படித்தான். நடிகர் ரஜினிகாந்த் 2018 மே 30 அன்று எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வந்து காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டுப் போனபோது, போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். அவர் சொன்னார் என்று போட்டீர்கள், சரி. ஆனால் அந்த வார்த்தை அடுத்த வாரமே மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டு உங்கள் செய்தி நடைக்குள் வந்துவிட்டது. எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னார் என்று கேட்க ஆணையமே பின்னால் அவருக்கு அழைப்பாணை அனுப்பியது. ஆணையத்துக்குக் கேட்கத் தோன்றியது பத்திரிகைக்கு முதல் நாளே கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, டிவியைப் பார்த்துத்தான் சம்பவத்தைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னதையும் அப்படியே வாங்கிப் போட்டோம். தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைவரும் உளவுப்பிரிவுத் தலைவரும் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது. இதை எழுதுகிறபோது நான் ஒரு கட்சியை ஆதரிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கம்பெனிக்கு எங்கள் ஊரில் இடம் கிடைத்ததிலும் விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்ததிலும் எல்லாக் கட்சி ஆட்சிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேன் மேல் ஏறி மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் துப்பாக்கியால் குறி பார்க்கிற வீடியோ எல்லோரும் பார்த்தது. அதில் 'ஒருவராவது சாக வேண்டும்' என்கிற மாதிரி ஒரு குரல் கேட்பதாகப் பரவியது. ஊரில் ஒட்டின போஸ்டர் ஒன்றில் அந்த வார்த்தைகளை ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் வாயில் வைத்து, படத்தோடு போட்டிருந்தார்கள். பேசியது அவர்தான் என்று யார் அடையாளம் காட்டியது? போஸ்டர் ஒட்டிய தம்பிகளிடம் கேட்டேன். "அக்கா, எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று எந்தச் சாட்சி சொன்னாலும் நீதிபதி அடுத்த கேள்வி கேட்பார்: உங்களுக்கு எப்படித் தெரியும்? குரல் கேட்டது என்று எழுதலாம். இன்னார் குரல் என்று எழுத, குரலை ஆராய்ந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

என் தம்பி மகன் வேறு மாவட்டத்தில் ஆயுதப்படைக் காவலர். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அன்றைக்குத் தொடையில் குண்டு பாய்ந்து, இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். இரண்டு பேரும் என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பொங்கலுக்கு வந்த தம்பி மகன், "அத்தை, கூட்டம் எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாது, மேலிருந்து உத்தரவு வந்தா நாங்க என்ன செய்ய" என்றான். எனக்கு அதுவும் முக்கியமான சாட்சியமாகத்தான் பட்டது. உத்தரவு யார் கொடுத்தது? துணை வட்டாட்சியர்கள் உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அவ்வளவு பெரிய முடிவைத் துணை வட்டாட்சியர்களா எடுத்தார்கள் என்று அப்போதே ஊரெல்லாம் கேட்டது. 'துப்பாக்கிச்சூடு நடந்தது' என்று நீங்கள் எழுதும்போது, மேலே இருந்தவர்களோடு சேர்த்து இந்தக் கேள்வியும் மறைந்துவிடுகிறது. கடைசியில் மாட்டிக்கொள்கிறவன் என் தம்பி மகன் மாதிரி விசையை இழுத்தவன் மட்டும்தான். ஆகவே எழுவாயைப் போட்டு எழுதுங்கள் என்று நான் கேட்பது போலீசுக்கு எதிரான கோரிக்கை இல்லை. அவனுக்காகவும்தான் கேட்கிறேன்.

நடுநிலை என்று சொல்லி உங்கள் நிருபர்கள் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். போலீஸ் தரப்பு ஒரு பத்தி, போராட்டக்காரர் தரப்பு ஒரு பத்தி, நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. நீதிமன்றத்திலும் இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்பார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒன்று மேசையில் இருக்கும்போது, குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்பதை இரண்டு தரப்பின் கருத்தாக யாரும் கேட்க மாட்டார்கள். அறிக்கையைப் பிரித்துப் பார்ப்பார்கள். பலருக்கும் குண்டு பின்பக்கத்திலிருந்து பாய்ந்திருக்கிறது என்று ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. காகிதம் இருக்கிற இடத்தில் காகிதத்தைப் பார்க்காமல் இரண்டு பேரிடம் மைக்கை நீட்டிவிட்டு வருவதை எப்படி நடுநிலை என்று எடுத்துக்கொள்வது?

இதே மாதிரி ஒன்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அப்போது எனக்குப் பாளையங்கோட்டையில் வேலை. போலீஸ் தடியடி நடத்தியது, கூட்டம் தாமிரபரணிக்குள் இறங்கியது, 17 பேர் இறந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தை உட்பட. அதற்கு அப்புறம் வருடக்கணக்காக நான் படித்த வாக்கியம் 'ஆற்றில் மூழ்கி 17 பேர் பலி' என்பதுதான். மூழ்கியது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஆற்றுக்குள் இருந்து தொடங்குகிறது. கரையில் என்ன நடந்ததால் நீச்சல் தெரியாதவர்கள் ஆற்றில் இறங்கினார்கள் என்பது அதில் இல்லை. தடியடி என்ற வார்த்தையை வாக்கியத்தின் முதலில் வைத்தால் முழுக் கதையும் வந்துவிடும். எங்கே தொடங்குகிறோம் என்பதிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம் என்பதை நான் அந்த வாக்கியத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

நினைவுநாள் செய்தி எழுதுகிற நிருபருக்கு நேரம் இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. போன வருடச் செய்தியை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்புவார்கள். அதனால்தான் அந்தக் கடைசிப் பத்தியை ஒரு தடவை சரியாக எழுதி வைத்துவிடுங்கள் என்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் அடித்துப் பார்த்தேன்:

"ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரி 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அன்றும் மறுநாளும் நான்கு இடங்களில் போலீசார் சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டனர். கூட்டம் வாகனங்களுக்குத் தீ வைத்ததாலும் கல் வீசியதாலும் சுட வேண்டிவந்ததாகப் போலீசார் அப்போது கூறினர். சுடுவதற்கான தூண்டுதல் எதுவும் இல்லை என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022ல் அளித்த அறிக்கையில் கூறியது. 2018 மே 28 அன்று ஆலையை மூட அரசு உத்தரவிட்டது."

ஐந்து வாக்கியம். உங்கள் மூன்றைவிட இரண்டுதான் அதிகம். இதில் ஏதாவது தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இல்லையென்றால் அடுத்த மே மாதம் இதைப் போடுங்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த மே 23 செய்தியின் தலைப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'கலவரத்தில் பலியானவர்கள்' என்பது, இறந்தவர்களே கலவரக்காரர்கள் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும்படி இருக்கிறது. அந்த 17 வயதுப் பெண்ணின் வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்களோ என்னவோ.

ஆணையத்தின் அறிக்கையைப் பிரின்ட் எடுத்து பைண்டிங் செய்து வைத்திருக்கிறேன். முக்கியமான பக்கங்களில் காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்திருக்கிறேன். 2018லிருந்து வெட்டிவைத்த உங்கள் செய்திகளும் வரிசையாக இருக்கின்றன. உங்கள் தூத்துக்குடி நிருபர் வந்தால் காட்டுகிறேன், தேவைப்பட்டதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். வேலை நாட்களில் மாலை 4 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
அண்ணாநகர், தூத்துக்குடி.